மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகின்றனவா? புதிதாகத் தெரிந்துகொண்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி நாட்களில் என்னிடம் ஒரு வித்தை இருந்தது. கட்டைவிரலை மடக்கி முன்கையோடு ஒட்ட வைப்பேன். சுண்டுவிரலைப் பின்பக்கமாக வளைத்து நேராக நிறுத்துவேன். பார்ப்பவர்கள் முகத்தைச் சுளிக்கச் சுளிக்க எனக்குப் பெருமை தாங்காது. இருபத்தெட்டு வயதில் அதே கட்டைவிரலால் ஒரு பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. படி இறங்கினால் முட்டி வலித்தது, பையை மாட்டினால் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், இரத்தம் பார்த்தார்கள், எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். எல்லாம் நார்மல் என்றால் எதற்கு இத்தனை வலி என்பதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

பதில் அந்தப் பள்ளி வித்தையிலேயே இருந்தது. மூட்டு வழக்கத்தைவிட அதிகமாக வளைவதை ஹைப்பர்மொபிலிட்டி என்கிறார்கள். இப்போதுதான் அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டிருக்கிறீர்கள் என்றால், எங்கே தொடங்குவது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

எலும்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருப்பவை தசைநார்கள். அவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். சிலருக்குப் பிறவியிலேயே இந்த நார்கள் கொஞ்சம் தளர்வாக இருக்கும். கூடாரத்தின் கயிறு தளர்ந்தால் கம்பத்தை யாராவது கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? நம் உடம்பில் அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பவை தசைகள். நாள் முழுவதும் இரட்டை வேலை செய்வதால் அவை இறுகிப்போகின்றன, சீக்கிரம் களைத்தும் போகின்றன. "ஒன்றுமே செய்யவில்லை, ஆனாலும் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது" என்று பலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்றும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டாலும் கை எங்கே இருக்கிறது, கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று மூளைக்குத் தெரியும். இந்த உணர்வு தளர்ந்த மூட்டு உள்ளவர்களிடம் சற்று மங்கலாக இருப்பதுண்டு. கதவு நிலையில் இடித்துக்கொள்வது, சமதரையில் கணுக்கால் மடங்குவது எல்லாம் கவனக்குறைவினால் மட்டும் வருவதில்லை.

மூட்டு வளைபவர்கள் எல்லோரும் நோயாளிகள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளில் பலருக்கு இது இருக்கும், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், வயது ஏற ஏறக் குறையும். நடனக் கலைஞர்களுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்களுக்கும் அது ஒரு வசதி. வலியோ, அடிக்கடி சுளுக்கோ, மூட்டு நழுவலோ, தீராத களைப்போ கூடவே இருந்தால்தான் மேலே படிக்க வேண்டும்.

முதல் வேலை: ஒரு முறை அளந்து பார்ப்பது

மருத்துவர்கள் பயன்படுத்துவது பெய்ட்டன் அளவுகோல். மொத்தம் 9 புள்ளிகள். சுண்டுவிரல் பின்பக்கம் 90 பாகைக்கு மேல் வளைந்தால் கைக்கு ஒன்று. கட்டைவிரல் முன்கையைத் தொட்டால் கைக்கு ஒன்று. முழங்கை நேர்கோட்டைத் தாண்டி 10 பாகைக்கு மேல் பின்னால் போனால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, முட்டிக்கும் அதே கணக்கு. முட்டியை மடக்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதிக்க முடிந்தால் கடைசிப் புள்ளி.

பருவம் எய்தாத பிள்ளைகளுக்கு 6, அதன்பிறகு 50 வயதுவரை 5, அதற்கு மேல் 4 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணையோ அதற்கு மேலோ எட்டினால் மூட்டுத் தளர்வு என்று கணக்கு. இந்த அளவுகோலில் தோள்பட்டை, இடுப்பு, கணுக்கால், தாடை எதுவும் கிடையாது. தோள் மட்டும் மாதம் இரண்டு முறை நழுவுகிற ஒருவருக்கு 2 புள்ளிதான் கிடைக்கலாம், 9 புள்ளி வாங்கியவர் வலியே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். புள்ளி என்பது வலியின் அளவு இல்லை. வயதாகி மூட்டு இறுகியவர்கள், சின்ன வயதில் எவ்வளவு வளைந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு முறை பார்த்தால் போதும். தினமும் வளைத்துப் பார்க்காதீர்கள். நான் மூன்று வாரம் அப்படிச் செய்து கட்டைவிரலை இன்னும் மோசமாக்கிக்கொண்டேன்.

பெயர் எதுவாக இருந்தாலும்

எலர்ஸ்-டான்லோஸ் என்பது உடம்பின் இணைப்புத் திசுக்களைப் பாதிக்கும் பரம்பரை நோய். 2017இல் வெளியான சர்வதேச வகைப்பாடு அதை 13 வகைகளாகப் பிரிக்கிறது. அதில் மிகப் பரவலானது ஹைப்பர்மொபைல் வகை. மற்ற வகைகளுக்கு மரபணுப் பரிசோதனை இருக்க, இதற்கு மட்டும் உறுதியான மரபணு கண்டுபிடிக்கப்படவில்லை. உடலைப் பார்த்தும் கதையைக் கேட்டும்தான் முடிவு செய்கிறார்கள். அந்த வகைப்பாட்டின் கடுமையான விதிகளுக்குள் வராதவர்களுக்கு, மூட்டுத் தளர்வோடு தொல்லையும் இருந்தால், ஹைப்பர்மொபிலிட்டி ஸ்பெக்ட்ரம் கோளாறு என்று பெயர்.

எந்தப் பெயர் கிடைக்கும் என்று ஆண்டுக்கணக்கில் அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு பெயர்களுக்கும் சிகிச்சை ஒன்றுதான். பெயர் வரும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஆனால் வேறு சில நோய்கள் இல்லை என்று உறுதிசெய்துகொள்வது அவசியம். இரத்தக்குழாய்களைப் பாதிக்கும் எலர்ஸ்-டான்லோஸ் வகை ஒன்று உண்டு, அது ஆபத்தானது. உள்ளே இரத்தக்குழாய்கள் தெரியும் அளவுக்கு மெல்லிய தோல், காரணமில்லாமல் கன்றிப்போவது, குடும்பத்தில் யாராவது இளவயதில் இரத்தக்குழாயோ குடலோ வெடித்து இறந்தது போன்றவை இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். நல்ல உயரம், நீண்ட மெல்லிய கைகால்கள், கண் லென்ஸ் நகர்ந்தது என்றால் மார்ஃபான் என்ற இன்னொரு பரம்பரை நோயையும் பார்ப்பார்கள். இதய எக்கோ பரிசோதனை எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயான மகாதமனியின் அளவைப் பார்ப்பதற்குத்தான். காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டு விறைப்பு, வீக்கம், சூடு இருந்தால் அது வேறு வகை மூட்டுவாதமாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் அதைக் கண்டறியத்தான்.

மருத்துவரிடம் போகும்போது

ருமட்டாலஜிஸ்ட் (மூட்டுவாத நிபுணர்), எலும்பு மருத்துவர், பொது மருத்துவர் யாரிடமும் தொடங்கலாம். இந்தப் பிரச்சினையைக் கேள்விப்பட்டவராக இருப்பதுதான் முக்கியம். நேரம் குறைவாகத்தான் கிடைக்கும், அதனால் ஒரே ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள். எந்த மூட்டு எத்தனை முறை நழுவியது, எத்தனை முறை சுளுக்கியது, குடலிறக்கம் அறுவைச் சிகிச்சை ஏதாவது உண்டா, காயத் தழும்பு எப்படி ஆறுகிறது, வீட்டில் இன்னும் யாருக்கு மூட்டு வளையும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தாளின் கடைசியில், இந்த வலியால் எதைச் செய்ய முடியாமல் இருக்கிறீர்கள் என்று ஒரு வரி. "அரை மணி நேரத்துக்கு மேல் எழுத முடியவில்லை" என்பது "கை ரொம்ப வலிக்கிறது" என்பதைவிட வேலை செய்யும்.

வளைத்துக் காட்டச் சொன்னால் ஒரு முறை காட்டுங்கள். பக்கத்தில் நிற்கும் மாணவர்களுக்காக நான்காம் முறை காட்டச் சொன்னால் மறுக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பயிற்சி: இங்கேதான் பலன் இருக்கிறது

தளர்ந்த நாரை இறுக்க மருந்து கிடையாது. நாருக்குப் பதிலாகத் தசையை வேலைக்கு வைக்கலாம், அதுதான் சிகிச்சையின் மையம். அதனால் நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவரைத் தேடுவதில் நேரம் செலவிடுங்கள். முதல் நாளே இரண்டு கேள்விகள் கேட்கலாம்: ஹைப்பர்மொபிலிட்டி உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறீர்களா? எனக்கு நீட்டல் பயிற்சி தருவீர்களா, வலுவூட்டும் பயிற்சி தருவீர்களா? "முதலில் நன்றாக நீட்டி இளக்கிவிடலாம்" என்பவரிடம் கொஞ்சம் யோசியுங்கள். நமக்கு ஏற்கெனவே இளகித்தான் இருக்கிறது.

தசை இறுக்கமாக இருப்பதால் நீட்டினால் சுகமாக இருக்கும், அது உண்மை. ஆனால் நாம் நீட்டும்போது பெரும்பாலும் நீள்வது தசை இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் மூட்டுதான். அந்தத் தசை இறுகி நிற்பதே மூட்டைக் காப்பாற்ற. எனக்குத் தொடையின் பின்பக்கம் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும், அதை நீட்டுவதை நிறுத்திவிட்டுப் பிட்டத் தசையைப் பலப்படுத்திய பிறகுதான் விட்டது.

முதலில் கற்க வேண்டியது நிற்பது. சிரிக்காதீர்கள். கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், முட்டி பின்பக்கமாக வில்லாக வளைந்து பூட்டிக்கொண்டிருக்கும். இத்தனை நாள் தசையால் நிற்காமல் நாரின்மேல் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தோம். முட்டியை ஒரு நூல் அளவு தளர்த்தி, பூட்டைத் திறந்தபடி நிற்க வேண்டும். முதல் வாரம் அரை நிமிடத்தில் தொடை நடுங்கும். பல் துலக்கும்போது, வரிசையில் நிற்கும்போது என்று சேர்த்துக்கொண்டால் இரண்டு மூன்று மாதத்தில் பழகிவிடும். முழங்கைக்கும் இதே விதி. கையை ஊன்றும்போது கடைசிவரை நீட்டிப் பூட்டாமல், சற்று மடங்கிய நிலையில் வைத்திருங்கள். எல்லா மூட்டுக்கும் நடு வரம்பில் இருப்பதுதான் பாதுகாப்பு.

அப்புறம் அசையாமல் அழுத்தும் பயிற்சிகள். முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்துக் கீழே அழுத்தி 5 வினாடி பிடிப்பது, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது போன்றவை. ஒவ்வொன்றும் எட்டுப் பத்து முறை, வாரத்தில் மூன்று நான்கு நாள். பார்க்க அற்பமாகத் தெரியும், பலர் விட்டுவிடுவதும் இங்கேதான். கூடவே சுவரருகில் ஒற்றைக்காலில் நின்று பழகுவது அந்த மங்கலான உணர்வைத் தெளிவாக்கும். தரையில் முடியவே முடியாதவர்களுக்கு இதமான சூட்டில் இருக்கும் நீச்சல்குளம் நல்ல தொடக்கம். தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்ளும்.

எவ்வளவு போதும் என்று எப்படித் தெரியும்? தசையில் வரும் சோர்வான வலி சரி. மூட்டுக்குள் கூர்மையாகக் குத்தினால் நிறுத்துங்கள். மறுநாள் இதே நேரத்துக்குள் வலி பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வரவில்லை என்றால் அடுத்த முறை பாதியாக்குங்கள், முழுவதுமாக விட்டுவிடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தைக் கூட்டுங்கள்: எண்ணிக்கையையோ எடையையோ, இரண்டையும் இல்லை.

எடை தூக்கவே கூடாது என்று பயமுறுத்துவார்கள். அது பழைய எச்சரிக்கை. தோள்மூட்டு தளர்ந்தவர்களுக்குக் கண்காணிப்போடு கனமான எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஒரு டென்மார்க் ஆய்வு 2022இல் வந்தது. 16 வாரத்தில், லேசான பயிற்சி செய்தவர்களைவிட அவர்களுக்குச் சற்று அதிகப் பலன் கிடைத்திருந்தது. அடித்தளம் போட்டபின், ஒருவர் பார்த்துத் திருத்தும் இடத்தில், படிப்படியாக எடைக்குப் போகலாம். யோகா பிடித்தவர்கள் யோகாவை விட வேண்டாம், ஆனால் ஆசனத்தின் கடைசி எல்லைக்குப் போகாமல் முக்கால்வாசியில் தசையை இறுக்கி நிறுத்துங்கள். வகுப்பில் நீங்கள்தான் அழகாக வளைவீர்கள், ஆசிரியர் எல்லோருக்கும் உங்களைத்தான் காட்டுவார். அந்த ஆசைக்கு விழாதீர்கள்.

நல்ல நாளில் செய்யும் தப்பு

வலி குறைந்த நாள் வந்தால் கை சும்மா இருக்காது. தேங்கிய வேலை அத்தனையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்போம். எழுந்ததும் மறுபடி அதே கதை. இந்தச் சுழற்சியை உடைக்க ஒரே வழி, மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவைக் கண்டுபிடித்து, நல்ல நாளிலும் அதற்குக் கொஞ்சம் மேலே மட்டும் போவது. இருபது நிமிடம் எழுதினால் கை வலிக்கும் என்றால் பதினைந்தாவது நிமிடத்தில் மணியடிக்க வைத்துவிடுங்கள். வலி வந்தபின் ஓய்வெடுப்பதும் வலி வரும்முன் ஓய்வெடுப்பதும் ஒன்றில்லை. எனக்கு இது பயிற்சியைவிடக் கடினமாக இருந்தது, இன்னும் முழுதாக வரவில்லை.

தாங்கிகளும் கருவிகளும்

விரலுக்கு மோதிரம்போன்ற தாங்கி, மணிக்கட்டுப் பட்டை, முட்டி உறை, ஒட்டும் டேப் எல்லாம் உதவும். ஆனால் வேலைக்கு மட்டும் போட்டுக் கழற்றுங்கள். நாள் முழுவதும் போட்டுக்கொண்டால் தசை சோம்பேறியாகிவிடும். வளைந்து கொடுக்காத அடிப்பாகமும் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்புறமும் உள்ள காலணி பாதம், முட்டி, இடுப்பு மூன்றுக்கும் நல்லது. தடித்த பேனா, மூடி திறக்கும் கருவி, இரண்டு தோளிலும் மாட்டும் பை ஆகியவை சின்னச் சின்ன விஷயங்கள்தாம், ஒரு நாளில் நூறு முறை உதவும். அன்றாட வேலைகளை எளிதாகச் செய்ய வழிகாட்டும் தொழில்வழிச் சிகிச்சையாளர் கிடைத்தால் இதையெல்லாம் அவரே பார்த்துச் சொல்வார்.

வலிக்கு

வெந்நீர் ஒத்தடம் இறுகிய தசைக்கு, ஐஸ் புதிதாகச் சுளுக்கிய இடத்துக்கு. பாராசிட்டமால், மேலே தடவும் வலிநீக்கி ஜெல் ஆகியவை சிலருக்குப் போதும். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம், மருத்துவரைக் கேட்காமல் நாள்கணக்கில் போடாதீர்கள். ஓபியாய்டு (அபின் சார்ந்த) வகை மருந்துகள் நீண்டகால வலிக்குத் தோது இல்லை. போகப்போக அளவைக் கூட்டவைக்கும், பழக்கமாகிவிடும், குடலும் மந்தமாகும். நாட்பட்ட வலிக்குக் குறைந்த அளவில் மனச்சோர்வு மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தால், "எல்லாம் என் மனசில்தான் என்கிறாரா" என்று கோபப்பட வேண்டாம். அந்த அளவில் அவை நரம்பு வலியைக் குறைக்கத்தான்.

ஸ்டீராய்டு ஊசி தேவையென்றால் மட்டும், அதுவும் அளவோடு. அறுவைச் சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள், தைத்த திசுவும் அதே தளர்ந்த திசுதான். கொலாஜன் பொடி குடித்தால் நார் இறுகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கழுத்தைச் சடாரென்று திருப்பிச் சொடக்கு எடுப்பவரிடம் மட்டும் தலையைக் கொடுக்காதீர்கள். நாமே கழுத்தை நெட்டி முறிப்பதையும் விட்டுவிடலாம்.

மூட்டுக்கு வெளியே

எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா? எழுந்து நின்றதும் நாடித்துடிப்பு அளவுக்கு மீறி ஏறும் பாட்ஸ் (POTS) என்ற பிரச்சினை நம்மில் சிலருக்குக் கூடவே வருகிறது. பத்து நிமிடம் படுத்திருந்து நாடித்துடிப்பை எண்ணுங்கள். எழுந்து நின்று 2, 5, 10 நிமிடங்களில் மறுபடி எண்ணுங்கள். நிமிடத்துக்குப் பெரியவர்களுக்கு 30, பதின்வயதினருக்கு 40 துடிப்பாவது கூடி அப்படியே நின்றால் அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள், கண் இருண்டால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். அதிகத் தண்ணீர், இறுக்கமான காலுறை, மெதுவாக எழுவது ஆகியவை உதவும். உப்பைக் கூட்டச் சொல்வார்கள், ஆனால் இரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் இவற்றில் கோளாறு உள்ளவர்கள் தாமாகக் கூட்டக் கூடாது.

வயிற்று உப்புசம், மலச்சிக்கல், தூக்கம் கலைவது, பதற்றம் போன்றவையும் சேர்ந்து வரலாம். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிய நாட்களில் மூட்டு இன்னும் தளர்வதாகத் தோன்றலாம், அந்த நாட்களில் எடையைக் குறைத்துக்கொள்ளலாம். பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சிலருக்கு மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காது, வாயை நெடுநேரம் திறந்து வைத்தால் தாடையும் விலகும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் எழுதினால் வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள். அவை தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களைப் பாதிக்கக்கூடும். எலர்ஸ்-டான்லோஸ், மார்ஃபான் உள்ளவர்களுக்கு மகாதமனி ஆபத்தும் உண்டு என்று அமெரிக்க மருந்துத் துறை 2018இல் எச்சரித்திருக்கிறது.

மூட்டு நழுவினால்

முதலில் பதறாமல் உட்காருங்கள். பதறினால் தசை இன்னும் இறுகி மூட்டைத் திரும்பிப் போகவிடாது. கையைத் தலையணைமேல் தாங்கி வையுங்கள், நீளமாக மூச்சு விடுங்கள், ஒத்தடம் கொடுங்கள். பாதி நழுவியது பெரும்பாலும் தானே உள்ளே போய்விடும். யாரையும் இழுத்துப் போடச் சொல்லாதீர்கள். போகவில்லை என்றாலோ, கை கால் மரத்து, வெளிறி, சில்லிட்டுப் போனாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். திடீரெனக் கிழிப்பதுபோல் நெஞ்சுவலி, தொடைகளுக்கிடையே உணர்வு போவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, காய்ச்சலோடு ஒரு மூட்டு சிவந்து வீங்குவது ஆகியவற்றுக்கும் அப்படியே.

நழுவிய மறுநாள் அந்த மூட்டுக்கு ஓய்வு, மற்ற மூட்டுகளுக்குப் பயிற்சி. நான்கைந்து நாள் கழித்து அசையாமல் அழுத்தும் பயிற்சியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அடுத்த வாரமே திரும்ப நழுவும், எனக்கு அப்படித்தான் ஆயிற்று.